பட்டியலில் இல்லாத சைலன்சர் முனை

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. விருத்தாசலத்தில் அன்று மாதாந்திர மின்தடை. நான் வேலை பார்க்கிற செராமிக் பொம்மைக் கம்பெனியில், கரண்ட் வர சாயங்காலம் ஆகும் என்று எங்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிடைத்த அரை நாள் லீவை எப்படிச் செலவழிப்பது என்று எனக்கு யோசனையே இல்லை. சாப்பிட்டுவிட்டு நேராக என் மேஜையில் போய் உட்கார்ந்தேன்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அந்தப் புதன்கிழமைக்குள்ளேயே பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஒருமுறை ஏதோ பரிசுப் பொருள் கடைக்காக எங்கள் கம்பெனிக்கு மோட்டார் சைக்கிள் பொம்மை ஆர்டர் வந்தது. களிமண்ணில் வார்த்துச் சுட்டு வந்த வண்டிகளைப் பார்த்தால் சக்கரத்தில் கம்பி கிடையாது, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டி. எது வரைக்கும் கறுப்பு, எங்கிருந்து வெள்ளி என்று முதலாளியிடம் கேட்டேன். "பைக்குன்னு தெரிஞ்சா போதும்மா" என்றார். எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரின் வண்டிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் வண்டி ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்த என் தம்பி, சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு பெட்டி வாங்கி வந்தான். நிஜ மோட்டார் சைக்கிளைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கின மாடல். ஆனால் வண்டியாக இருக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக, பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, நாம்தான் கோக்க வேண்டும். செயின் கூட ஒவ்வொரு கண்ணியாக இருக்கும். அந்த முதல் வண்டியை முடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. முடித்த அன்றே அடுத்த வண்டிக்கு ஆசை வந்துவிட்டது. நான் சொல்கிற அந்தப் புதன்கிழமைக்குள் என் கண்ணாடி அலமாரியில் பதினொரு வண்டிகள் நின்றன. எனக்கு நிஜ பைக் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் பின்னால்தான் உட்கார்ந்து போகிறேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு துண்டையும் தொலைத்ததில்லை. கம்பெனியில் ஒரு தட்டுக்கு இருபத்து நாலு பொம்மை. போகும்போதும் எண்ணுவோம், வரும்போதும் எண்ணுவோம். அதே பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. உட்காரும்போது எண்ணுவேன், எழுந்திருக்கும்போது எண்ணி, பெட்டியோடு வருகிற விளக்கப் புத்தகத்தில் பென்சிலால் டிக் போடுவேன். எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிற வரிசைப்படிதான்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளில் சில உதிரித் துண்டுகள் கூடுதலாக வரும். ஒரே அச்சில் இரண்டு மூன்று வகை வண்டிகளுக்குச் சேர்த்து வார்ப்பார்களாம். நம் வண்டிக்கு வேண்டாதவற்றின் மேல் புத்தகத்தில் சாம்பல் நிறம் பூசியிருக்கும். அவற்றை நான் தூக்கி எறிவதில்லை. புதிதாக ஒரு கலரைக் கலக்கும்போது முதலில் அவற்றின் மேல் அடித்துப் பார்ப்பேன், சரியாக வந்தால்தான் நிஜத் துண்டுக்கு. ஆனால் அவை என் டிக் கணக்கில் வராது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் இருந்தவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கம்மாபுரம் பக்கத்துப் பெண். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். இவள் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். இரண்டு வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தை. நூலும் லைனிங் துணியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும்போது சில நாள் குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் விட்டுப் போனாள்.

மேஜை உயரமானது. குழந்தைக்கு எட்டாது. தரையில் ஒரு டம்ளரையும் கரண்டியையும் கொடுத்து உட்கார வைத்தேன், அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர்காரர் வந்து கதவைத் தட்டினார். கேஸ் புத்தகம் எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, சிலிண்டரை உள்ளே உருட்டிவிட்டு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் குழந்தையின் முகம் சிவந்து கண்ணில் நீர் வழிகிறது. தூக்கி முதுகில் தட்டினேன். ஒரு நிமிடம் போல இருமிற்று. அப்புறம் நின்றுவிட்டது. என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

எனக்கும் பயம் வந்தது. உடனே மேஜையில் இருந்ததை எண்ணினேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. எல்லாம் இருந்தது. மனசு நிம்மதியானது. ஜன்னலோரம் பெயின்ட் காய்வதற்காக ஒரு குட்டி ஸ்டூலில் தெர்மாகோல் துண்டு ஒன்றை வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அதை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கவில்லை.

அம்மாக்காரி வந்ததும் குழந்தை இருமியதைச் சொன்னேன், மறைக்கவில்லை. "எச்சில் புரையேறி இருக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் குழந்தைக்கு லேசாக இழுப்பு. சாயங்காலம் வாசலில் நின்றபடி அவள் கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி சாமான் எதனாச்சும் வாயில போட்டிருக்குமோ?"

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். குரலில் காட்டவில்லை, அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டு விளக்கப் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு டிக்காகக் காட்டினேன். இது இங்கே, இது இங்கே என்று துண்டுகள் இருந்த தட்டையும் காட்டினேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அது ஜப்பான் எழுத்து. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நானும் போனேன், துணைக்கு. அந்த டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "சின்ன சாமான் எதையாவது முழுங்கிச்சா? யாராவது பாத்தீங்களா?" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொன்னேன்.

"இல்ல டாக்டர். நான் எண்ணிப் பாத்துட்டேன். நூத்தி நாப்பத்திரெண்டு பீஸும் அப்படியே இருக்குது."

இவ்வளவு கறாராக ஒருத்தி சொன்னால் எந்த டாக்டரும் நம்பத்தான் செய்வார். இழுப்புக்கு ஆவி பிடிக்க வைத்து, மருந்து எழுதிக் கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொல்லி அனுப்பினார். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. சனிக்கிழமை இரவு சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தோம். கணவர் கறி வாங்கப் போனார். சமையலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் மேஜையில் உட்கார்ந்தேன். அந்த வண்டி எழுபதுகளில் வந்த நாலு சிலிண்டர் வண்டி, பின்னால் நாலு சைலன்சர். ஓடி ஓடிச் சூடேறிய சைலன்சர் முனையில் ஒரு நீலம் வரும், கவனித்திருப்பீர்கள். நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். அதைக் கொண்டுவரத்தான் ஒரு வாரமாக முயன்றுகொண்டிருந்தேன். பழகிப் பார்ப்பதற்காக, சாம்பல் நிறம் பூசிய பட்டியலிலிருந்து வேறு மாதிரியான இரண்டு சைலன்சர் முனைகளை வெட்டி எடுத்து, இரண்டு பல்குச்சிகளின் நுனியில் கொஞ்சம் பசை வைத்துச் செருகி, தெர்மாகோலில் குத்தி வைத்திருந்தேன்.

அலமாரி மேலிருந்து அந்தத் தெர்மாகோலை எடுத்தேன். ஒரு குச்சியில் முனை இருந்தது. இன்னொரு குச்சி மொட்டையாக இருந்தது.

கீழே விழுந்திருக்கும் என்று தேடினேன். அலமாரி மேலே துடைத்துப் பார்த்தேன். டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். முழங்காலில் நின்று ஸ்டூல் இருந்த இடத்தைப் பார்த்தபோதுதான், அந்த ஸ்டூலின் உயரம் என் கண்ணில் பட்டது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். குழந்தை எழுந்து நின்றால் அதன் மார்பளவு. மெல்லிய நீலத்துக்கு அடியில் பளபளவென்று வெள்ளியாக, ஒரு சீரக மிட்டாயைவிடக் கொஞ்சம் பெரிதாக, குச்சியின் மேலே அது நின்றிருக்கும். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமிற்று.

நான் உடனே எழுந்து ஓடவில்லை. இதை இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன். தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெருக்கும்போது குப்பையோடு போயிருக்கலாம் என்று ஒரு யோசனை. எறும்பு கூட இழுத்துப் போயிருக்கலாம் என்று ஒரு யோசனை. நாளைக்குத் திரும்ப டாக்டரிடம் போகத்தானே போகிறார்கள், அவரே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு யோசனை. நான் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது. பயமோ படபடப்போ இல்லை. கணக்கு தப்பான எரிச்சல்தான் முதலில் இருந்தது, அதுவும் குழந்தை மேல் இல்லை, குச்சி மேல். கால் மணி நேரம் இருக்கும். மறுபடி இருமல் கேட்டது. இருமலுக்குப் பிறகு மூச்சை இழுக்கும் சத்தம், விசில் போல, சுவரைத் தாண்டிக் கேட்டது. ஓட்டையான ஒரு குழாய்க்குள் காற்று போனால் வருகிற சத்தம். அந்த முனையில் நடுவில் ஓட்டை இருக்கும் என்பது இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மீதி இருந்த முனையைக் குச்சியோடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவள் தையல் மிஷின் பக்கத்தில் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள். நான் குச்சியைக் காட்டி, "இது மாதிரி இன்னொண்ணு இருந்துச்சு. இப்ப காணோம்" என்றேன். மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் வரவில்லை. அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து இடுப்பில் செருகினாள். குழந்தையைத் தோளில் போட்டாள். "ஆட்டோ புடிங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டார். வலது பக்கம் சத்தம் குறைவு என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் சாமான் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரு நொடி மனசு லேசானது. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பிளாஸ்டிக்கு இதுல தெரியாதுங்க. ஆனா வலது நுரையீரல் உப்பிக் கெடக்குது பாருங்க. காத்து உள்ள போவுது, சரியா வெளிய வரல. அங்கதான் இருக்குது."

இங்கே எடுக்க வசதி இல்லை, புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். குழந்தைக்குத் தண்ணீர், பால் எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது, மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கடைசியாக என் கையைப் பார்த்தார். "அந்தக் குச்சியப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க. அங்க கேப்பாங்க."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை அது. நெய்வேலியைத் தாண்டும்போது லாரிகள் வரிசையாக நின்றன, சைரன் போட்டும் மெதுவாகத்தான் போக முடிந்தது. ஆம்புலன்ஸில் வந்த ஊழியர் குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை பால் கேட்டு அழுதது. அழுதால் மூச்சு திணறியது. அவள் அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், எனக்குக் கேட்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அந்தப் பல்குச்சியையும் பிடித்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் முனை கழன்று விழுந்துவிடுமோ என்று உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் அவள் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள்.

"காட்டுங்க."

கையைத் திறந்து காட்டினேன். கையில் வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தாள். சின்ன ஒன்றைப் பார்க்கிற மாதிரி இல்லை, பெரிய ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புதுச்சேரியில் நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். சிறு வயதுதான். "அந்தச் சாமானோட ஜோடி யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார். நான் எழுந்தேன். அவர் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு அளவுகோலை வைத்து நீளம், குறுக்களவு இரண்டையும் பார்த்தார்.

"நடுவுல ஓட்டை இருக்குதே. கடைசி வரைக்கும் போவுதா?"

"போவுதுங்க டாக்டர்."

"அதான் இத்தன நாள் மூச்சு போயிருக்குது. பெயின்ட் எதாவது?"

"ஒரு கோட்டிங்கு. தண்ணில கரைக்கிற பெயின்ட்டு. காஞ்சிடுச்சி."

"இது கெட்டியா, ஒடையுமா?"

இந்தக் கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிந்தது. இந்த மாதிரி வெள்ளி முலாம் பூசின துண்டுகள் மற்றதைவிட மொறுமொறுப்பாக இருக்கும். பக்கவாட்டில் இடுக்கியால் அழுத்தினால் வழுக்கும். இன்னும் அழுத்தினால் பிளந்துவிடும். எனக்கே இரண்டு மூன்று முறை அப்படி ஆகியிருக்கிறது. அதைச் சொன்னேன். இடுக்கியின் ஒரு காலை ஓட்டைக்குள்ளேயும் இன்னொரு காலை வெளியிலேயும் விட்டு, விளிம்பைப் பிடித்தால் நிற்கும் என்றும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய் நீளமான ஒரு இடுக்கியை எடுத்து வந்து என் எதிரிலேயே அதைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை டிக்கென்று ஒரு சத்தம் கேட்டு, முனை நீளவாக்கில் பிளந்தது. பாதித் துண்டின் விளிம்பை நான் சொன்ன மாதிரி பிடித்துப் பார்த்தார். நின்றது. "வேற இடுக்கி எடுங்க" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் ஆனது. நானும் அவளும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலை சொல்ல முயன்றேன். எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து போனது.

டாக்டர் வந்தபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. "முழுசா வந்துடுச்சி" என்றார். சளி பிடித்து, கறுத்துப்போய் இருந்தது அது. இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் அந்த ஓட்டையும் அடைத்திருக்கும் என்று எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்லிவிட்டு, இரண்டு நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அப்போதுதான் அழுதாள்.

திருப்பூரிலிருந்து குழந்தையின் அப்பா சாயங்காலம் வந்து சேர்ந்தான். பஸ்ஸில் வந்த வேர்வையோடு, பையைக் கூடக் கீழே வைக்காமல், என்ன ஆச்சு என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து சொன்னேன். கேஸ்காரர் வந்தது, குழந்தை இருமியது, நான் எண்ணிப் பார்த்தது, அவள் சந்தேகப்பட்டுக் கேட்டது, டாக்டரிடம் நான் அடித்துச் சொன்னது. எல்லாம் சொன்னேன். அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் சொல்லவில்லை.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் வயதில் மூத்தவள், பக்கத்து வீட்டுக்காரி. அவன் பார்வை என் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெண்டாட்டி பக்கம் திரும்பியது.

"பெத்தவ நீ. உனக்குத் தெரியலயா?"

அவள் தலையைக் குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"தெரிஞ்சுது. வியாழக்கிழமையே தோணுச்சு. அது இருமுன இருமல் சளி இருமல் இல்லன்னு எனக்கு நல்லாத் தோணுச்சு. அக்கா இல்லன்னாங்க. அவங்க எண்ணிப் பாத்துட்டு சொல்றாங்க, புக்கு வெச்சிக் காட்டுறாங்க. நான் எதை வெச்சி சொல்றது?"

அவன் பையைக் கீழே வைத்தான். நானும் நின்றுகொண்டே இருந்தேன். அவள் என்னைக் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாள், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதுவரைக்கும் என் தப்பு என்ன என்று நான் ஒரு மாதிரி முடிவு செய்து வைத்திருந்தேன். குட்டி ஸ்டூலில் வைத்தது தப்பு. தெர்மாகோலைப் பார்க்காமல் விட்டது தப்பு. வேண்டாத துண்டுகளைக் கணக்கில் சேர்க்காதது தப்பு. இதையெல்லாம் இனிமேல் திருத்திக்கொள்ளலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தபோதே யோசித்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு. தெரிந்த ஒருத்தியின் வாயை, தெரியாத நான் அடைத்திருக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு புத்தகமும் ஒரு பென்சிலும் போதுமாக இருந்திருக்கிறது. சத்தம் போடாமல், மரியாதையாக, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து அடைத்திருக்கிறேன்.

குழந்தை நன்றாகத் தேறி வந்தது. இப்போது ஸ்கூலுக்குப் போகிறது. வருடம் திரும்புவதற்குள் அவர்கள் திருப்பூருக்கே குடிபோய்விட்டார்கள். அதுவரைக்கும் அவள் என்னிடம் பேசாமல் எல்லாம் இருக்கவில்லை. குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புவாள், நானும் கொடுப்பேன். குழந்தையை மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கிளம்பும் அன்று, "போயிட்டு வரேங்க்கா" என்று வாசலில் நின்று சொன்னாள். குழந்தை எனக்கு டாட்டா காட்டிற்று.

வண்டி செய்வதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். விடவில்லை. அந்த நாலு சிலிண்டர் வண்டியையும் முடித்தேன். அதற்குப் பிறகும் மூன்று செய்திருக்கிறேன். அறைக்குக் கதவு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் கம்பெனியில் ஒன்று நடந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் ஒருத்தி, பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், சுட்டு வந்த ஒரு தட்டு பொம்மைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்குச் சொல்லத் தெரியல. தட்டினா சத்தம் வேற மாதிரி இருக்குது" என்றாள். வேலைக்கு வந்து பதினைந்து நாள் கூட ஆகாதவள். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று பத்தொன்பதும் மூன்றும் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். "எந்த மாதிரி?" என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். நானும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டேன். இருபத்து நாலையும் கேட்டோம்.

விரிசல் ஒன்றும் இல்லை, எல்லாம் நல்ல பொம்மைகள்தான். "உங்க நேரத்த வீணாக்கிட்டேன்க்கா" என்று அவள் சங்கடப்பட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். எதை வைத்துச் சொல்வது என்று தெரியாமல் ஒருத்தி வந்து நின்றால், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள, ஒரு குழந்தை நாலு நாள் ஓட்டைக் குழாய் வழியாக மூச்சு விட வேண்டியிருந்தது.